கோபப்பட்டாலும் வாசி

திருச்சபையில் அவளுக்குப் பெட்டியக்கா என்று பெயர். முதலில் வாசித்தது ஆர்மோனியப் பெட்டி. பின்னால் கீபோர்டு வந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. வார நாட்களில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதுல இருந்துச்சா?" என்று சலிக்காமல் கேட்பாள். ஞாயிறு காலை போதகருக்குப் பின்னால் ஓடுவாள்.

ஓடுவாள் என்பது சும்மா சொன்னதல்ல. அந்தச் சபையில் பாட்டைப் போதகர்தான் ஆரம்பிப்பார். சங்கீதம் அவர் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. எந்தச் சுருதியில் ஆரம்பிப்பார் என்று அவருக்கே தெரியாது. இரண்டாவது அடிக்குள் பெட்டியக்கா அவரைத் தேடிப் பிடித்துவிடுவாள். விருந்தாளியாக வந்த ஒரு கிட்டார்காரர், "எந்த ஸ்கேல் அக்கா?" என்று கேட்டதற்கு, "ஐயா ஸ்கேல், தம்பி" என்றாள். அவர் கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவள் எதற்கும் சுலபமாகத் தலையாட்டுகிறவள் அல்ல. பஸ் மெக்கானிக்கான அவள் கணவரைக் கேட்டால் தெரியும். "போதகர் சொன்னா நெருப்புல இறங்குவா. நான் சொன்னா அடுப்புகூடப் பத்தாது" என்பார். ஆனால் காரணம் அவருக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் அவர்களுக்குப் பிறந்த குழந்தை தங்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் தேவனுடைய சித்தத்தை விளக்கினார்கள். அதில் அவர்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. போதகர் மட்டும் ஒன்றும் விளக்காமல் சமையலறைக்குப் போய், குவிந்து கிடந்த பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தார். போகும்போது, "ஞாயித்துக்கிழமை வந்து வாசிம்மா" என்றார். இதயமில்லாத மனுஷன் என்று திட்டிக்கொண்டே போனாள். வாசித்தாள். அந்த ஒரு மணி நேரம்தான் அந்த வாரத்தில் அவள் மூச்சு விட்ட நேரம். அதற்குப் பிறகு அவர் சொன்னதை அவள் தட்டியதில்லை.

சபையின் மேய்ப்பர்களான போதகர்களுக்குக் கீழ்ப்படிவதைப் பற்றி மட்டும் அவர் பிரசங்கம் செய்ததே கிடையாது. "அதை நானே சொன்னா நல்லாவா இருக்கும்?" என்பார். கீழ்ப்படிதலைக் கேட்காதவருக்கு அது கிடைத்தது. இதிலும் ஏதோ நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

மனைவி இறந்து கொஞ்ச காலத்துக்குப் பின், ஒரு மத்தியானம் போதகர் கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கடைசி வரி எழுத்துகள் வரை வாசித்தார்.

"கண்ணுல ஒண்ணுமில்லம்மா. தலையிலதான். டாக்டர் சொல்லிட்டார். இனிமே ஒண்ணொண்ணா மறந்துக்கிட்டே வரும்."

அவள் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"புதுப் போதகர் வர்றார். பிரசங்கம் அவர் பார்த்துப்பார். ஆரம்ப ஜெபத்தை மட்டும் எனக்கு விட்டிருக்காங்க. அதுல நான் தடம் மாறிப் பேசினா, நீ பாட்டை ஆரம்பிச்சுடணும்."

"அதெல்லாம் என்னால முடியாதுங்கய்யா. செயலாளர்கிட்ட சொல்லுங்க."

"அவர் கமிட்டி கூட்டுவார். தீர்மானம் வர்றதுக்குள்ள நான் கர்த்தர்கிட்டயே போய்ச் சேர்ந்துடுவேன்." சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "நான் கோபப்படுவேம்மா. கோபப்பட்டாலும் வாசி. இத்தனை வருஷம் கேட்டவ, இதுல மட்டும் மக்கர் பண்ணாதே."

மக்கர் பண்ணினாள். அவர் ஜெபத்தின் நடுவே, பேரன் பேத்தி எடுத்துவிட்ட ஒரு தம்பதிக்கு அடுத்த வாரம் கல்யாணம் என்று அறிவித்தபோது, கையை மடியிலேயே வைத்திருந்தாள். அதே அறிவிப்பு மறுபடி வந்தபோதும் அப்படியே. "பெட்டியக்காவுக்கு ஐயா மேல என்ன மரியாதை பாருங்க" என்று சபை மெச்சியது. அவள் முதல்முறையாக அவர் பேச்சை மீறிக்கொண்டிருக்கிறாள் என்பது மெச்சியவர்களுக்குத் தெரியாது. கணவருக்குத் தெரியும். வீடு திரும்பும் வழியில் கேட்டார்.

"தெளிவா இருந்தப்போ சொன்னதைக் கேக்கப்போறியா, தெளிவில்லாதப்போ பேசுறதைக் கேக்கப்போறியா?"

"நீங்க வண்டியைப் பாத்து ஓட்டுங்க."

அடுத்த ஞாயிறு போதகர் ஜெபத்தை நிறுத்திக் கண்ணைத் திறந்தார். முன்வரிசையைப் பார்த்தார்.

"எங்க அவ? இன்னும் வரலையா? வீட்டுச் சாவி அவகிட்ட இருக்கே."

அப்போதே அவள் ஆரம்பித்திருக்கலாம். விரல் கட்டைக்கு மேலேயே நின்றது. செயலாளர் பொய் சொல்லாத மனிதர். உண்மையை எங்கே சொல்லக்கூடாது என்பது மட்டும் அவருக்குப் பிடிபட்டதில்லை. எழுந்து, "ஐயா, அம்மா தவறிட்டாங்களே" என்றார்.

போதகர் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எப்போ? எனக்கு ஏன் யாரும் சொல்லலை?"

பெட்டியக்கா வாசிக்கத் தொடங்கினாள்.

"நிறுத்து!" அந்தக் குரலை யாரும் அதுவரை கேட்டதில்லை. "என் பொண்டாட்டி செத்துட்டாங்குறாங்க, நீ பாட்டுப் போடுறியா?"

அவள் நிறுத்தவில்லை. சபை தயங்கித் தயங்கிச் சேர்ந்துகொண்டது. மூன்றாம் சரணம் வருவதற்குள் மனைவி இறந்த செய்தி அவரைவிட்டுப் போய்விட்டது. முகம் தெளிந்தது. கீபோர்டு பக்கம் திரும்பியபோது மட்டும் மறுபடி இறுகியது. கோபம் எதற்கு என்பது மறந்துவிட்டது, யார்மேல் என்பது மறக்கவில்லை.

அதன் பிறகு அவள் ஒரு வாரமும் தாமதிக்கவில்லை. அவர் குரல் தடுமாறும் முதல் வார்த்தையிலேயே பாட்டு வந்துவிடும். மனைவி எங்கே என்ற கேள்வியை அவர் சபையில் மறுபடி கேட்கவே நேரவில்லை. ஒவ்வொரு சாவுக்கும் ஒருமுறை அழுதால் போதும் என்று அந்த ஒரு மனிதருக்காவது அவளால் செய்து கொடுக்க முடிந்தது. மெச்சியவர்கள், "புதுப் போதகர் வந்ததும் ஆளே மாறிட்டா" என்று பேசிக்கொண்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் பழைய போதகர் வாசலில் நின்று எல்லாருக்கும் கை கொடுப்பார். அவள் வரும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். "இந்தம்மா என்னைப் பேசவே விடமாட்டேங்குது" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்.

"ஆமாங்கய்யா" என்பாள் அவள்.

ஒரு நாள் வண்டியில் கணவர் கேட்டார். "நீங்கதானே செய்யச் சொன்னீங்கன்னு அவர்கிட்டயே சொல்லிப் பாரேன்."

"இன்னிக்குச் சொன்னேன். நான் அப்படிச் சொல்ற ஆளான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"அப்படிச் சொல்ற ஆள் நீங்க ஒருத்தர்தாங்கய்யான்னு சொன்னேன்." வெளியே பார்த்துக்கொண்டாள். "கை கொடுக்கலை."