மாடி ஏசிக்கு எந்தத் தண்ணீர்?

மரக்காணத்தில் கல்யாண மண்டபம் நடத்துகிறேன். உப்புக்காற்று மொட்டைமாடி ஏசி மெஷின்களை அரித்துவிடுமே என்று, வாரம் தவறாமல் நானே போர் தண்ணீர் அடித்துக் கழுவுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

போன மாதம், ஒரு முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால், சர்வீஸுக்கு வந்த மெக்கானிக் ஒரு மெஷினின் இரும்பு ஸ்டாண்டைத் தட்டினார். அப்பளம் மாதிரி நொறுங்கியது. மெஷின் சரிந்திருந்தால் நேரே பந்தி வாசலில்தான் விழுந்திருக்கும்!

"வாராவாரம் கழுவறேனேப்பா!" என்று சீறினேன்.

"எந்தத் தண்ணிலக்கா? நாக்குல வெச்சுப் பாருங்க."

வைத்தேன். கரித்தது. நாங்கள் வாய் கொப்பளிக்கக்கூடத் தொடாத தண்ணீர் அது.

அன்றே புது ஸ்டாண்ட் போட்டோம். கல்யாணமும் குளுகுளுவென்று நடந்தது. இப்போது மெஷின்களுக்கும் குடிதண்ணீர்தான். கழுவுவதற்கு முன்னால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.