அண்ணை மன்னித்த பிழை

பந்தயக் கையுறையைக் கழற்றாமலே அண்ணை என் தோளில் கையை வைத்தார். ஓட்டப்பாதைக்குப் பின்னால் வாகனத் தரிப்பிடத்தில் நின்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. “பரவாயில்லை தம்பி. ஆருக்கும் வாற பிழைதான். நான் ஒண்டும் மனசிலை வைக்கேல்லை” என்றார். நான் அழுதேன். போரில் ஆட்களைப் பறிகொடுத்தபோதும் அழாத ஆள் நான். அன்றைக்கு அழுதேன். ஒரு மனிதனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நிற்கிற என்னை ஒருவர் மன்னிக்கிறாரே என்று.

அண்ணை என்றால் சொந்த அண்ணை இல்லை. கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட் என்கிற இடத்தில், ரயில் பாலத்துக்குக் கீழே வண்டி திருத்துகிற கராஜ் வைத்திருந்தவர். எல்லாருக்கும் அவர் அண்ணைதான். நான் லண்டனுக்கு வந்து, அகதி வழக்கு முடிந்து, வேலை செய்யலாம் என்று கடிதம் கிடைத்த கிழமையே என்னைச் சேர்த்துக்கொண்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இங்கிலிஷ் வராது. ஸ்பானரும் திருகாணியும் தெரியும். அது போதும் என்றார்.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. லண்டனிலிருந்து வடக்கே இரண்டு மணித்தியாலம் ஓடினால் ஒரு பெரிய நீள்வட்ட ஓட்டப்பாதை வரும். வளைவுகள் கிண்ணத்தின் ஓரம் மாதிரிச் சரிந்து நிற்கும். ஒவ்வொரு வருடமும் கோடை முடிகிற நேரம் அங்கே பிக்கப் வண்டிகளுக்கென்று ஒரு பந்தயம் நடக்கும். தொடக்கத்தில் அது கராஜ்காரரின் பந்தயம். அவரவர் வண்டியை அவரவரே பிரித்து, பூட்டி, பெயின்ட் அடித்துக் கொண்டுவருவார்கள். பிறகு பெரிய ஆட்கள் வந்தார்கள். வண்டியை ஏற்றிவர நீளமான லொறி, ஒரே நிறச் சட்டை, குடை பிடிக்க ஆள் என்று ஆகிவிட்டது. நாங்கள் பழைய வான் வண்டியில்தான் போனோம். ஆனால் மழை வந்தால் அந்தச் சரிவில் ஓட ஏலாது, பாதை காயும்வரை எல்லாரும் சும்மா இருக்கவேண்டும். அப்போது ஒரே நிறச் சட்டைக்காரர்களும் எங்கள் வானடிக்குத்தான் வருவார்கள். அக்கா, அதாவது அண்ணையின் மனைவி, கட்டித் தந்துவிட்ட மீன் ரோல்ஸ் அங்கே பேர்போனது.

ஓட்டுகிறவரின் கழுத்தையும் தலைக்கவசத்தையும் இருக்கையோடு கட்டிவிடுவார்கள். பக்கத்தில் ஆர் வருகிறார் என்று திரும்பிப் பார்க்க முடியாது. அதற்காக ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஆள் பார்வையாளர் மண்டபத்தின் கூரையில் நிற்பார். கையில் வோக்கி டோக்கி. அவர் சொல்வதுதான் ஓட்டுகிறவருக்குக் கண். அண்ணைக்கு அந்தக் கண் நான். பக்கத்தில் ஒட்டி வருகிற வண்டிக்கு ‘ஆள்’ என்போம். மூன்றே மூன்று சொல்: “உள்ளுக்கை ஆள்”, “வெளியிலை ஆள்”, “ஆளில்லை.” மற்ற அணிக்காரர் எங்கள் அலைவரிசையை ஒட்டுக்கேட்பார்கள். எல்லாம் தமிழ், கேட்டும் ஒன்றும் விளங்காது. அது அண்ணைக்குப் பெரிய சந்தோஷம். “கேளுங்கோடா, நல்லாக் கேளுங்கோ” என்று வண்டிக்குள்ளே இருந்து கத்துவார். நான் கொஞ்சம் தாமதித்தால், “என்னடா, மேகம் பாக்கிறியோ? வண்டியைப் பார்!” என்பார். அப்படி இரண்டு வருடம் வென்றோம். கோப்பை கராஜில், தேநீர்க் கேத்திலுக்கு மேலே இருந்தது.

மூன்றாவது தடவை வெல்லவேண்டிய வருடம். கடைசிச் சுற்றுகள். ஒரு வெள்ளைக்கார முதியவர், லொறி ஓட்டிப் பிழைத்தவர், எங்களைப் போலவே சொந்த வண்டியோடு வருகிறவர், அண்ணைக்கு உள்பக்கம் வந்து ஒட்டினார். நான் சொன்னேன். திரும்பவும் சொன்னேன். அண்ணை வண்டியைச் சரிவில் கீழே, உள்பக்கமாக இறக்கினார். இரண்டு வண்டியும் சுவரில் போய் மோதின. முதியவரை வெளியே எடுக்கவே கனநேரம் பிடித்தது. இடுப்பு நொறுங்கிப்போயிருந்தது. அண்ணைக்கு ஒரு கீறல் இல்லை.

அன்று பின்னேரமே விசாரணை. அண்ணையின் வண்டிக்குள் ஒரு சின்னக் கமரா பூட்டியிருந்தது. வோக்கியில் வந்த குரலும், உள்ளே அவர் கதைத்ததும் அதில் பதிந்திருந்தன. அதைப் போட்டுக் கேட்கப்போகிறார்கள் என்று சொன்னார்கள். நானும் கதவடிக்குப் போனேன். “உனக்கு இங்கிலிஷ் விளங்காது. வெளியிலை இரு. நான் பாத்துக்கொள்றன்” என்றார் அண்ணை. இருந்தேன். கதவு திறந்தபோது என் அனுமதி அட்டை போய்விட்டது. இனிக் கூரையில் ஏற முடியாது. தரிப்பிடத்துக்கு வந்த பிறகுதான் அண்ணை விஷயத்தைச் சொன்னார். “டேப்பிலை நீ ‘ஆளில்லை’ எண்டு சொன்னது கேக்குது, தம்பி.”

நான் “உள்ளுக்கை ஆள்” என்றுதான் சொன்னேன். எனக்கு அது தெரியும். ஆனால் டேப் பொய் சொல்லுமா? அண்ணை சொல்லுவாரா? என் வாய்தான் பொய் சொல்லியிருக்கவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

அடுத்த வருடம் பந்தயத்தில் ஒரு புது விதி வந்தது. வோக்கியில் எல்லாரும் இங்கிலிஷில்தான் கதைக்கவேண்டும். எங்களால் வந்த விதி. அண்ணை ஒரு வெள்ளைக்காரப் பொடியனைக் கூரையில் ஏற்றினார். நான் கீழே டயர் மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. மன்னித்த மனிதருக்கு எப்படி மாட்டேன் என்று சொல்வது? முதியவர் கைத்தடியோடு பந்தயம் பார்க்க வருவார். மடக்குக் கதிரையில் இருப்பார். நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். ஒரு முறை மட்டும் போனேன். என் பிழை, மன்னியுங்கோ என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வண்டிகளைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு நான் ஒரு மாதிரி ஆகிவிட்டேன். மகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப் போகையில், சந்தியில் ஒரு வண்டியும் இல்லை என்று தெரிந்தாலும் காரை எடுக்கமாட்டேன். பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். வீட்டில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, “நான் இப்ப என்ன சொன்னனான்?” என்று மனைவியிடம் கேட்பேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. கதைக்காமல் இருந்தால் பிழை வராது என்று கதையைக் குறைத்தேன். ஆட்கள் அதை அடக்கம் என்றார்கள்.

பந்தயம் நின்றுபோய் இப்போது சில வருடமாகிறது. பார்க்க ஆட்கள் குறைந்தார்கள், பாதை மூடப்பட்டது. பழைய ரசிகர்கள் சேர்ந்து அந்தப் பந்தயத்தின் வரலாற்றைப் புத்தகமாக எழுதுகிறார்கள். அதில் வேலை செய்கிற ஒரு பிள்ளை எங்கள் ஆள். இங்கே பிறந்தவள். சின்னதில் தகப்பனோடு பந்தயம் பார்க்க வந்து எங்கள் ரோல்ஸ் சாப்பிட்டிருக்கிறாளாம். போன மாதம் எனக்குப் போன் எடுத்தாள். “அங்கிள், அந்த அக்சிடென்ட் டேப் எங்களிட்டை இருக்கு. என்ரை டமில் கொஞ்சம் வீக். ஆனா இதிலை நீங்கள் சொல்லுறது எனக்கு வடிவா விளங்குது. நீங்கள் ஒருக்காக் கேக்கவேணும்” என்றாள்.

வீட்டுக்கே வந்தாள். சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துப் போட்டாள். இரைச்சல். அதற்குள் என் குரல், இளம் குரல். “உள்ளுக்கை ஆள். உள்ளுக்கை ஆள் அண்ணை. இறங்காதேங்கோ.” இரண்டு தரம். ஒரு தரமும் பிசகவில்லை. பிறகு அண்ணையின் குரல். வோக்கியின் பட்டனை அமத்தாமல் தனக்குள்ளே சொல்கிறார். அதனால்தான் அது கூரைக்கு வரவில்லை. “தெரியுமடா. அவன் வழி விடுவான்.” அதற்குப் பிறகு சுவர்.

விசாரணையில் இதை இங்கிலிஷில் மாற்றிச் சொன்னது ஆர் என்று கேட்டேன். அவளிடம் பழைய அறிக்கை இருந்தது. அன்று அந்த அறையில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் அண்ணைதான். மனைவி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “இன்னொருக்காப் போடு பிள்ளை” என்றாள்.

அடுத்த நாள் இல்ஃபோர்டில் இருக்கிற அண்ணை வீட்டுக்குப் போனேன். அண்ணைக்கு இப்போது முழங்கால் ஏலாது. கால்களை ஸ்டூலில் நீட்டி இருந்தார். “வா வா, எவ்வளவு காலம்! இப்பவாவது கதைக்கப் பழகினியோ, இல்லாட்டி அப்பிடியேதானோ?” என்று பகிடி விட்டார்.

“டேப்பைக் கேட்டனான், அண்ணை.”

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். எந்த டேப் என்று கேட்கவில்லை. அது ஒன்றே எனக்குப் போதுமாயிருந்தது.

“லைசென்ஸ் போயிருக்குமடா” என்றார். “வேணுமெண்டு இடிச்சனான் எண்டு கேஸ் போட்டிருப்பாங்கள். கராஜும் போயிருக்கும். உனக்குப் போறதுக்கு என்ன இருந்தது? ஒரு அட்டை.”

“நான்தான் பிழை விட்டனான் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். இவ்வளவு காலமும்.”

“அதுதான் நான் உன்னை ஒரு நாளும் ஏசேல்லையே.”

உண்மை. ஒரு நாளும் ஏசவில்லை.

புத்தகம் எழுதுகிற பிள்ளை டேப்பைக் கொண்டுவந்த கதையைச் சொல்லிவிட்டு எழும்பினேன். அவர் என் சட்டைக் கையைப் பிடித்தார். “அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லு, அதைப் போடவேண்டாமெண்டு. பேரப்பிள்ளையள் வாசிக்குங்கள். நீ என்ரை தம்பியல்லோ.” சட்டையை மெதுவாக இழுத்து எடுத்தேன். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடிக்கவில்லை. அந்த வீட்டில் நான் குடிக்காமல் வந்தது அதுதான் முதல் தடவை.

ரயிலில் வரும்போது யோசித்தேன். அவர் பயத்தில் பொய் சொன்னார். அது எனக்கு விளங்குகிறது. பயந்த மனிதர் எதுவும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் தரிப்பிடத்தில் அவருக்கு ஒரு பயமும் இல்லை. விசாரணை முடிந்துவிட்டது. அங்கே அவர் சும்மா இருந்திருக்கலாம். என்னை மன்னித்திருக்கத் தேவையில்லை.

ஸ்டேஷனில் இறங்கி, மேடையில் நின்றபடியே அந்தப் பிள்ளைக்குப் போன் எடுத்தேன். டேப்பில் இருக்கிறதை அப்படியே எழுதச் சொன்னேன். அச்சடித்ததும் முதல் புத்தகத்தை அந்த முதியவரிடம் கையில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன். அவர் இன்னும் இருக்கிறார் என்றாள்.

“அங்கிள், இப்ப எழுதி வைச்சிருக்கிறதிலை ‘கூரையில் நின்றவரின் தவறு’ எண்டு மட்டும்தான் இருக்கு. அதை மாத்திறன். ஆனா உங்கடை பேர் ஒரு இடத்திலையும் இல்லை. போடட்டோ?”

போடச் சொன்னேன். ரயில் ஒன்று இரைந்துகொண்டு போனது. அது போகும்வரை பொறுத்து, என் முழுப் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். திருப்பி வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். சரியாக இருந்தது.