அக்கா வீட்டு வாசல் மண்

எங்கள் தெருவுக்கு பேவர் பிளாக் கல் பதிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், வீட்டுக்கு ஒரு மரம் வைத்துக்கொள்கிறோம், அந்த இடத்தில் மட்டும் கல் போடாதீர்கள் என்று கேட்டோம். பார்க்க வந்த அதிகாரி தெருவை மேலும் கீழும் பார்த்தார்.

“செடி உசிரோட இருந்தா சுத்தி ஒரு கட்டம் வுடச் சொல்றேன். காஞ்சி போயிருந்தா மூடிடுவோம். வுட்டா குப்பதானே கொட்டுவீங்க?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காலி இடத்தைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது.

ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள்தான் தெருவில் பாதிப்பேர், நானும் அதில் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை லீவில் எல்லோரும் சேர்ந்து குழி வெட்டி, அமிர்தி போகிற வழியில் உள்ள நாற்றங்காலிலிருந்து கொண்டுவந்த புங்கஞ்செடிகளை வைத்தோம். துணி அலசின தண்ணீரா, அரிசி கழுவின தண்ணீரா, யார் வீட்டில் எது மிஞ்சினாலும் செடிக்குப் போனது. எல்லா வாசலிலும் துளிர் விட்டது. என் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் மட்டும் இலை ஓரமெல்லாம் நெருப்பில் காட்டியதுபோல் கருகி, செடி நின்றபடியே செத்தது.

அந்தத் தெருவில் மரம் யாருக்குத் தேவையோ இல்லையோ, அக்காவுக்குத் தேவை. புருஷன் செத்துப்போன பிறகு அவள் தனி ஆள். கம்பெனியிலிருந்து வருகிற ஷூ மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுத்துத்தான் பிழைப்பு. அவளுடையது ஒற்றை ஜன்னல் வீடு, மேலே ஆஸ்பெஸ்டாஸ். வெளிச்சத்துக்கு வாசலில் உட்கார்ந்துதான் தைப்பாள். வெயில் ஏறினால் உள்ளே போகவேண்டும். உள்ளே போனால் ஊசித்துளை தெரியாது. பார்வை வேறு மங்கிக்கொண்டு வந்தது.

“எனுக்கு மரம் வாணாம்டி, நெழலு போதும்” என்பாள்.

முதல் செடி போனதும், தாலி இல்லாதவள் கை நட்டது, அதனால்தான் என்றார்கள். சரி என்று கோடிவீட்டில் மஞ்சள் மணக்க இருக்கிற ஒருத்தியை நடச் சொன்னோம். அதுவும் கருகியது. உடனே பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. “அவ கை இல்ல, அவ ஊட்டுக்காரன்தான். வாசல வுட மாட்டேங்கறான்.” சொன்னவர்கள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். ஆனால் விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த வாசலைத் தாண்டும்போது குழந்தைகளை மறுபக்கம் இழுத்துக்கொண்டு நடந்தார்கள்.

ஊர் வாய்க்கு உலைமூடி ஏது? அக்காவே நம்பத் தொடங்கினாள். ஒருநாள் பொழுது சாய்ந்ததும் நான் கோலப்பொடி டப்பாவை எடுத்து வைக்கும்போது, அவள் அந்தக் குழியின் முன்னால் குந்தி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.

“இன்னாய்யா, நா வெயில்லயே காயணுமா? உனுக்கு இன்னா கொற வெச்சேன், சொல்லு.”

பதிலுக்காகக் காத்திருப்பவள்போல் தலையைச் சாய்த்து வைத்திருந்தாள். நான் சத்தம் போடாமல் உள்ளே போய்விட்டேன்.

தெருமுனையில் கல் வந்து இறங்கிவிட்டது. வேலை ஆரம்பிக்க இன்னும் சில வாரம்தான். மூன்றாவது தடவையும் வைத்துப் பார்ப்போம், இந்த முறை ஆழமாகத் தோண்டுவோம் என்று கூடினோம். முழங்கால் ஆழம் போனதும் மண்வெட்டியைப் பிடித்திருந்த பெண் வீலென்று கத்தி அதைக் கீழே போட்டாள்.

“முடி! மண்ணுக்குள்ள முடி கீது!”

கொத்துக்கொத்தாக, மக்காமல், வெளுத்த மண்ணோடு ஒட்டிக்கொண்டு முடி. மண்ணில் முடி கிடந்தால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். “செய்வென வெச்சிருக்காங்க, தொடாதீங்க” என்று ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அக்கா மட்டும் குழியில் இறங்கி அந்தக் கொத்தை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். அவள் முகம் மாறியது.

“அவரு வேல வுட்டு வந்தா இப்டித்தான் வாட வரும்” என்றாள்.

எங்களுக்கும் அப்போதுதான் வாடை எட்டியது. பச்சைத்தோல் வாடை. அவள் புருஷன் தோல் பதனிடுகிற டேனரியில், தோல் குடோனில் வேலை பார்த்தவர். உப்புப் போட்டு வருகிற ஆட்டுத்தோலை உதறி அடுக்குகிற வேலை.

எதிர்வீட்டுப் பாய் எட்டிப்பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் அதே குடோன்.

“ஆட்டு முடிம்மா இது. தோல ஒதர்னா உப்போட சேந்து கொட்டும். இங்க எப்டி வந்துச்சி?”

அக்கா குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

“கல்யாணமாயி வந்த புதுசு பாய். வாசல்ல ஒரே பில்லு. ஒரு நாளு பாம்பப் பாத்து நா கத்துன கத்துல தெருவே கூடிச்சி. அதுலேந்து அவரு மழக்கி முன்னாடியெல்லாம் அந்த உப்ப மூட்டையா கொண்டாந்து இங்க கொட்டுவாரு. பில்லே மொளைக்கக் கூடாதுன்னு. அப்பறம் தெருவுக்கு மண்ணடிச்சி மேடாக்குனதுல அது அடியில போயிடிச்சி.”



பாய் குனிந்து வெளுத்த மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்தார். “மண்ண எடுத்துட்டு வேற மண்ணு போடணும். நல்லா தண்ணி வுடணும். உப்பு தின்னவன் தண்ணி குடிச்சித்தான் ஆவணும், இல்லியா?”

“வாணாம்” என்றாள் அக்கா.

“இன்னாம்மா வாணாம்? ரோடு போட்டா மூடிடுவானே.”

“மூடட்டும். அவரு போட்டது இது ஒண்ணுதான் மிச்சம் கீது. இதையும் வாரிக் கொட்டிட்டா, அவரு எங்க போவாரு?”

பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அவன் இதப் போட்டது நீ வாசல்ல பயமில்லாம குந்தணும்னுதானேம்மா? இப்ப உன்னால குந்த முடியலியே.”

அக்கா கையிலிருந்த முடியைப் பார்த்தாள். பிறகு எழுந்து, மண்வெட்டியை அவளே எடுத்தாள். முதல் வெட்டு அவள் வெட்டியதுதான்.

ஏரி வண்டல் கொண்டுவந்து கொட்டினோம். ஒடுகத்தூரில் என் நாத்தனார் வீட்டு வரப்பிலிருந்து ஒரு பூவரசம் போத்து வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன். புங்கன் பட்டுப்போன உப்பு மண்ணிலும் பூவரசு நிற்கும் என்றார்கள். குடம் குடமாக ஊற்றினோம். கல் பதிக்க வந்த மேஸ்திரி அக்கா வாசலில் நின்றபோது அது வெறும் குச்சியாகத்தான் இருந்தது.

“இது கட்ட. மூடிடவா?”

அக்கா நகத்தால் பட்டையைச் சுரண்டிக் காட்டினாள். உள்ளே பச்சை. மேஸ்திரி கட்டம் விட்டுக் கல் பதித்தார்.

இன்று அந்தப் பூவரசு கூரைக்கு மேல் போய்விட்டது. அக்கா உச்சிவெயிலிலும் வாசலில் உட்கார்ந்து தைக்கிறாள். ஆனால் மழை விட்டு வெயிலடித்தால் கல்லின் இடுக்கில் இன்னும் உப்பு வெள்ளையாகப் பூக்கிறது. வீட்டுப் பக்கத்துக் கிளையில் மட்டும் இலையோரம் கருகுகிறது. அவள் அதைக் கிள்ளுவதில்லை.

அன்று வாரிய மண்ணைக் குப்பைவண்டியில் ஏற்றிவிட்டோம். எங்கே கொட்டினார்கள் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. அக்காவுக்கு மட்டும் தூக்கத்திலும் அதே நினைப்பு இருந்திருக்கிறது.

போன மாதம் இருவரும் ரயில்வே லைன் பக்கமாக நடந்து வந்தோம். எங்கள் தெருவைப் பார்த்து அந்தத் தெருக்காரர்களும் வரிசையாகச் செடி வைத்திருந்தார்கள். எல்லாம் பச்சை. நடுவில் ஒன்று மட்டும் இலையோரம் கருகி நின்றது. அக்கா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்தாள்.

“இங்க வந்துட்டாரு போல கீதுடி.”

மறுநாள் காலை கம்பெனி வேனுக்கு நிற்கும்போது பார்த்தேன். இடுப்பில் குடத்தோடு அவள் லைன் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.