அழித்தவர்களைக் காணவில்லை

“இது தண்டபாணி. அல்சூர் மார்க்கெட்டாண்ட எலுமிச்சம்பழம் வித்தவரு” என்றார் அப்பா, வடையிலிருந்த மிளகைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தபடி. நான் பெயரைத் தட்டச்சு செய்து அடுத்த படத்துக்குப் போனேன். “ஒந்து நிமிஷா இரு. அந்த மூக்குத்தியப் பாரு. கேம்பிரிட்ஜ் லேஅவுட்ல வூட்டு வேலை செஞ்சிச்சே, எல்லம்மா. ஆடி மாசம் ரெண்டாம் செவ்வா போச்சு.” தேதியை நான் கேட்கவில்லை. தேதி சொல்லாமல் ஒருவரை அறிமுகப்படுத்த அவருக்குத் தெரியாது.

ஜோகுபாளையத்தில் அவருடைய கடை. ஒரு ஷட்டர், ஒரு மேசைக் கணினி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. சர்ச் முடிந்து நாங்கள் அப்படி உட்கார்ந்த எட்டாவது ஞாயிறு அது. கடைசி ஞாயிறும் அதுதான். திரையில் வந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் இறந்தவர்கள். கணினியிலிருந்து அழிந்துபோய் நான் மீட்டெடுத்த படங்கள். முகம் திரும்பி வந்தது, பெயர் வரவில்லை. ஆயிரத்து நூற்று நாற்பத்தாறில் இருநூற்றுப் பன்னிரண்டு பாக்கி. அந்தப் பாக்கியில் ஒருவரை நாங்கள் குறிப்பாகத் தேடிக்கொண்டிருந்தோம். ஒக்கலிபுரம் முனிராஜ், அவருடைய சொந்தச் சட்டையில்.

அப்பா பெயர் வின்சென்ட். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி வடிவமைப்பது தொழில். கல்யாணப் பத்திரிகையும் செய்வார். ஆனால் ஜனங்கள் கல்யாணத்துக்கு வேறு கடைக்குப் போய்விட்டுச் சாவுக்கு இவரிடம் வந்தார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான். “கண்ணாலத்துக்கு நாலு மாசம் டைம் இருக்கும், யாரு வேணா பண்ணலாம். இதுக்கு நாலு அவர்தான்.” வீட்டார் கொண்டுவருவது பெரும்பாலும் யாருடைய கல்யாணத்திலோ கூட்டமாக எடுத்த படமாக இருக்கும். அதிலிருந்து முகத்தை மட்டும் பிரித்தெடுத்து, மீசையைக் கறுப்பாக்கி, ஒட்டிய கன்னத்தை நிரப்பி, கோட் மாட்டிவிடுவார். அவர் கணினியில் எட்டு கோட்டுகள் இருந்தன. “கறுப்பு டீச்சருங்களுக்கு. நீலம் எல்லாருக்கும் செட் ஆவும்.” வாழ்நாளில் கோட்டைத் தொட்டுப் பார்க்காத மூட்டைக்காரரும் எங்கள் தெருச் சுவரில் கோட்டோடுதான் நின்றார்.

வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிடுவார். அழிப்பதுதான் அவருக்குச் சேமிப்பது. கணினியின் குப்பைத்தொட்டியை, அந்த ரீசைக்கிள் பின்னை, ஒருநாளும் காலி செய்ததில்லை. அதன் கொள்ளளவை உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தார். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

“ஃபோல்டர் போட்டு வெச்சா என்ன டாடி?”

“எந்தத் தேதில போனாங்கன்னு ஃபோல்டர் சொல்லுமா? இது சொல்லும்.”

உண்மைதான். இறந்த அன்றே சுவரொட்டி அச்சாகும். அன்றே கோப்பு தொட்டிக்குப் போகும். ‘அழித்த தேதி’ என்ற தலைப்பைச் சொடுக்கினால் எல்லோரும் போன தேதி வரிசையில் நிற்பார்கள். காலையில் கணினியைத் திறந்ததும் அதைத்தான் பார்ப்பார். ஒருவருடைய நினைவுநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது அவரை மீட்டு வைப்பார். மீட்கும்போது வயதுக்கேற்ற மரியாதை உண்டு. “வாங்க பெரியவரே, வெளிய வாங்க.” குழந்தையென்றால் குரல் இறங்கும். “வா கண்ணு.” முதலாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு என்று வீட்டார் கேட்டு வந்தால் படம் தயாராக இருக்கும். யாரும் வராவிட்டாலும் அந்த நாள் சாயங்காலம் மறுபடி அழிப்பார். ஒரு நாள் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அப்படிச் செய்தால் வரிசையின் தலையில் நிற்பவருக்குத்தான் எப்போதும் அடுத்த நினைவுநாள். நான் கல்லூரியில் படித்துத் தெரிந்துகொண்ட ஏற்பாடு அது. அவர் தானாகக் கண்டுபிடித்துப் பதினோரு வருடம் ஓட்டினார். அம்மாவின் படம் மட்டும் தொட்டிக்குப் போகவில்லை. அது திரையின் மூலையில், கடிகாரத்துக்கு மேலே இருந்தது.

பெங்களூருக்கு வருவதற்கு முன் கோலார் தங்கவயலில் லேம்ப் ரூமில் வேலை பார்த்தார். சுரங்கத்துக்குள் இறங்குபவர்களுக்கு விளக்கு கொடுத்து, ஏறி வந்ததும் திரும்ப வாங்கி வைக்கிற இடம். “ஷிப்ட் முடிஞ்சா எல்லா லேம்பும் ஆணிக்கு வந்துடணும். ஒண்ணு கம்மின்னா ஒருத்தன் கீழ கீறான். அவன் வர்ற வரிக்கும் நாங்க வூட்டுக்குப் போவ முடியாது.” சொல்லும்போது காற்றில் ஆணிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார்.

ஆகஸ்டில் கணினி மெதுவாக ஓடுகிறது என்றார். வட்டு நிரம்பியிருந்தது. வேண்டாதவற்றைத் துடைத்தேன். முப்பது நாளுக்கு மேல் தொட்டியில் கிடப்பதைத் தானாகவே நீக்கும் வசதி ஒன்று உண்டு. அதையும் இயக்கினேன். மற்ற கணினிகளில் செய்வதைக் கை செய்துவிட்டது. அப்பா என் பின்னால் நின்று, “சூப்பரா ஓடுது மோனி” என்றார்.

மூன்றாம் நாள் ஒயிட்ஃபீல்டில் அலுவலகத்தில் இருக்கும்போது போன் வந்தது.

“மோனி, எல்லாரும் எங்க போனாங்க?”

“யாரு டாடி?”

“பின்னுல இருந்தவங்க. நாப்பது பேருதான் கீறாங்க.”

“எதை டெலிட் பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் டெலிட் பண்ணல. டெலிட் பண்ணவங்கதான் காணோம்.”

ஒயரைப் பிடுங்கச் சொன்னேன். எதையும் திறக்க வேண்டாம், எதையும் எழுத வேண்டாம் என்றேன். பிடுங்கினார். அன்றைய நெரிசலில் நான் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை பிளக்கைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தொட்டியைக் காலி செய்தால் படம் உடனே அழிவதில்லை. அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். மேலே வேறொன்று எழுதப்படும்வரை அடியில் இருக்கும். வட்டைக் கழற்றி நகல் எடுத்து, மீட்பு மென்பொருளை நான்கு நாள் ஓடவிட்டேன். படங்கள் வந்தன. பெயரும் தேதியும் தனிச் சிறு கோப்புகளில் இருந்தவை. அவை வரவில்லை. அப்பா திட்டவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“ஒயிட்ஃபீல்டுல இன்னா வேலைன்ன?”

“டேட்டா தொலையாம பாத்துக்கிற வேலை.”

சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு இரண்டாவது நாற்காலியை இழுத்துப் போட்டார். “பேரு எங்கிட்ட கீது. நீ டைப் பண்ணு.”

அந்தக் கடைசி ஞாயிறு சரசு போன் செய்தாள். முனிராஜின் மனைவி. கை எண்ணெயாக இருந்ததால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

“அண்ணா, சரசு. ஆயிதா? போட்டோ கெடச்சுதா?”

“தேடிக்கினே கீறோம்மா. கோட் போட்டது கெடச்சிடுச்சு. அசல்தான் இன்னும் வர்ல.”

“கோட் வாணாம்ணா. ஒரு வருசமா செவுத்துல யாரோ ஆபீசர் மாதிரி பாத்துக்கினு கீறாரு. அவரு முன்னாடி துணி மாத்தவே கூச்சமா கீது.”

“யம்மா, பக்கத்துல எம் பொண்ணு கீது.”

“அதுவும் கேக்கட்டும். அவரு சட்டையிலயே குடுண்ணா. அந்த ஒரு போட்டோதான். என் போனும் பூடுச்சு, வேற எங்கயும் இல்ல.”

“கேக்காம கோட் மாட்டினது எந்தப்புதான். பதினாலாந்தேதிக்கு முன்னாடி நானே வூட்டாண்ட கொண்டாந்து குடுக்கறேன். நீ அலையாத.”

போனை வைத்துவிட்டு அடுத்த முகத்தைக் காட்டச் சொன்னார். அன்று பதினெட்டு பேர் முடித்தோம். முனிராஜ் வரவில்லை. “அடுத்த வாரம் வந்துடுவான்” என்றார்.

புதன்கிழமை காலை, ஷட்டரை இடுப்பளவு தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு. எதிர் டீக்கடை கோவிந்தப்பாதான் போன் செய்தார். “பேக பாம்மா, பேக பா” என்றார். சீக்கிரம் வா என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்பாவின் அஞ்சலிச் சுவரொட்டியைச் சர்ச்சிலிருந்து தியோடர் அங்கிள் வேறொரு கடையில் சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில் செய்தது. அந்தக் கடையில் கேட்காமலே கோட் போட்டிருந்தார்கள். நீலம். அப்பா அரைக்கைச் சட்டைக்கு மேல் எதுவும் போட்டதில்லை. பையில் பேனா, பேனாவுக்குப் பின்னால் கண்ணாடிக் கூடு, அதனால் ஒரு பக்கம் தொங்கும் சட்டை. தெருமுனைச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் நான் அந்தத் தொங்கலைத் தேடினேன். அங்கே ஓர் ஆபீசர் நின்றார்.

இரண்டு வாரம் கழித்துக் கடையைத் திறந்து உட்கார்ந்தேன். மீதி நூற்றுத் தொண்ணூற்று நான்கு. ஒவ்வொரு முகமும் திரைக்கு வந்ததும் என் விரல்கள் தட்டச்சுப் பலகையில் காத்திருந்தன. ஒரு பெரியவர், காது நிறைய முடி. “இது யாரு டாடி?” என்று வாய்விட்டே கேட்டேன். கேட்ட பிறகு சற்று நேரம் பொறுத்தும் பார்த்தேன்.

அப்பாவின் போனில் சரசுவின் குரல் செய்தி ஒன்று இருந்தது. “இன்னாண்ணா போன எடுக்க மாட்டேன்ற? கோச்சிக்கினியா? வூடு தெரியும்ல, ரயில்வே பாலத்துக்கு இந்தப் பக்கம், ரெண்டாவது சந்து, பச்சைக் கதவு.” அதைப் பலமுறை கேட்டேன். திருப்பிக் கூப்பிட்டால் முதல் வாக்கியம் என்னவாக இருக்கும் என்று எனக்குப் பிடிபடவில்லை. அதனால் கூப்பிடாமல் வேலையைப் பார்த்தேன். முகங்களை ஒப்பிடும் நிரல் ஒன்று எழுதி, கோட் போட்ட முனிராஜைக் கொடுத்தேன். அப்பா நிரப்பிய கன்னமும் கறுப்பாக்கிய மீசையும் அதைக் குழப்பின. மூன்று பேரைக் காட்டியது. மூவருமே மெலிந்தவர்கள், மூவருக்கும் நரைத்த மீசை. அப்பாவாக இருந்தால் ஒருவரைத்தான் காட்டியிருப்பார். மூன்று படங்களையும் அச்சிட்டு உறையில் போட்டு, பதின்மூன்றாம் தேதி அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் இறங்கி ஒக்கலிபுரத்துக்கு நடந்தேன்.

பச்சைக் கதவைத் தட்டியதும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். போனில் கேட்ட குரலுக்கு வயது குறைவான முகம்.

“நான் வின்சென்ட் சார் பொண்ணு.”

“மோனிகாவா? வா வா. ஒன்னப் பத்தியேதான் பேசுவாரு.”

உறையைக் கொடுத்தேன். வாசலிலேயே பிரித்தாள். முதல் இரண்டு படத்தையும் ஒதுக்கிவிட்டு மூன்றாவதை உருவினாள். கட்டம் போட்ட சட்டை.

“இதோ. இவருதான்” என்றாள். “மேல் பொத்தான் இல்ல பாரு. தெச்சுக் குடு, தெச்சுக் குடுன்னு நாலு வாட்டி கேட்டாரு.” பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டு நின்றாள்.

பிறகு நிமிர்ந்து, என் தோளுக்கு மேலாகச் சந்துக்குள் பார்த்தாள்.

“அண்ணன் எங்க? நானே கொண்டாறேன்னாரே. வண்டி நிறுத்த எடம் கெடைக்கலயா?”

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். பால் பாத்திரத்தை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது. டம்ளர்களைக் கழுவி ஒவ்வொன்றாக மேடையில் வைத்தாள். மூன்று.

“கதவச் சாத்தாத கண்ணு” என்றாள் உள்ளிருந்து. “அவரு வரட்டும்.”

நான் சாத்தவில்லை. திரும்பிச் சந்தின் முனையைப் பார்த்தேன்.