ஐந்நூற்று நாற்பது கஜம்

ஆர்டிஸ் ஹாக்ஸ்டாட் அந்த நவம்பர் காலையில் தன் பிக்அப் வண்டியைப் பின்னால் எடுத்து என் கொட்டகை வாசலில் நிறுத்தினாள். மற்ற நாளாக இருந்தால் இரண்டு முறை ஹாரன் அடித்து, "ஏ ட்வைலா, உயிரோட இருக்கியா?" என்று கத்துவாள். அன்றைக்கு இறங்கி வந்து, "உள்ள யாராச்சும் இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"நானும் எட்டு மானும்தான். ஏன்?"

"வா, ஒரு கை பிடி."

கிழக்கு மொன்டானாவில் துப்பாக்கி வேட்டைக்கு ஐந்து வாரம் அனுமதி; சுட்டவர் தன் அனுமதிச் சீட்டில் தேதியை வெட்டிக் குறித்து மானில் கட்ட வேண்டும். அந்த ஐந்து வாரமும் எங்கள் ஊர் மான்களில் பாதி என் கொட்டகைக்குத்தான் வரும். தோல் உரித்து, கறி வெட்டி, வெள்ளைத் தாளில் சுற்றி, மேலே பெயரெழுதிக் கொடுப்பேன். என் புருஷன் போன பிறகு பதினோரு வருஷமாக நான் ஒருத்தியாகத்தான் செய்கிறேன். காயத்தைப் பார்த்தாலே யார் எப்படிச் சுட்டது என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.

வண்டியில் கிடந்தது இரண்டு வயது ஆண்மான். நெஞ்சுக்கூட்டில் அம்பு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போயிருந்தது. அது ஆர்டிஸின் வேலை, சுத்தமான வேலை. ஆனால் முன்னங்கால் ஒன்று தோளுக்குக் கீழே முறிந்து தொங்கியது. அங்கே இரத்தம் கறுத்து உறைந்திருந்தது. அன்றைக்குப் பட்ட காயம் இல்லை அது. தோளைக் கீறினேன். எலும்பில் செருகிக்கொண்டு ஒரு செம்புக் குண்டு இருந்தது. கழுவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மூன்று வரி வெட்டிய, நீளமான குண்டு. அந்த மாதிரிக் குண்டு மாவட்டத்தில் வேறு யாரிடமும் கிடையாது. வெர்லின் தன் லேத்தில் தானே கடைந்தது.

"நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தவறிப்போச்சுன்னு சொன்னான்" என்றாள் ஆர்டிஸ்.

வெர்லின் அவள் புருஷன். ஊர்ப் பட்டறையில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவன். ஆர்டிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தவள். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம். நாற்பத்தொரு வருஷமும் அவர்களுக்குள் ஒரே சண்டைதான். துப்பாக்கியா, வில்லா?

இருவரும் ஒரே வண்டியில் விடியலில் கிளம்புவார்கள். ஆற்று வளைவில் ஆர்டிஸ் வில்லோடு இறங்கிக்கொள்வாள். அங்கே ஒரு மரத்தில் அவள் பலகை கட்டி வைத்திருந்தாள். வெர்லின் மேட்டுக்குப் போய், பள்ளத்தாக்கின் இந்தக் கரையில் படுத்துக்கொண்டு அந்தக் கரையில் மேயும் மானைச் சுடுவான். காற்று எந்தப் பக்கம், எவ்வளவு, குண்டு எத்தனை அங்குலம் இறங்கும் என்றெல்லாம் ஒரு சிறு நோட்டில் எழுதி வைத்திருந்தான். சாயங்காலம் என் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தால் அடுப்பே தேவையில்லை, அவ்வளவு சூடாகப் பேசுவார்கள்.

"இருபது கஜம் வரைக்கும் மான்கிட்ட போறியே, அப்படியே முன்னங்காலைப் பிடிச்சுக் குலுக்கி நலம் விசாரிச்சுட்டு வர வேண்டியதுதானே?" என்பான் வெர்லின்.

"நீ சுடற தூரத்துல அது மானா, பக்கத்துப் பண்ணைக் கன்னுக்குட்டியான்னு உனக்கே தெரியாதே, கிழவா!"

"என் மான் புல்லை மென்னுக்கிட்டே செத்துப்போகும். சத்தம் அது காதுக்குப் போறதுக்கு முன்னாடியே குண்டு போயிரும். உன் மான் நாண் சத்தத்தைக் கேட்டுத் துள்ளும். அம்பு எங்க வேணாலும் படும்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு வருஷம் ஆர்டிஸின் அம்பு பட்ட மான் ஒன்று அப்படித் துள்ளி, வயிற்றில் அடிபட்டு, ஆற்றைத் தாண்டி ஓடிவிட்டது. இரண்டு நாள் தேடினாள். கிடைக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் மான்கறி தொடவில்லை. வெர்லின் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவான். "நான் சுட்டா ஒண்ணு விழும், இல்ல தவறும். நடுவுல எதுவும் கிடையாது" என்பான். முப்பது வருஷம் அது உண்மையாகவும் இருந்தது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும், தவறிவிட்டது என்று தெரிந்தால்கூட, பள்ளத்தில் இறங்கி அந்தக் கரை ஏறிப் போய் மான் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருவான். முட்டி வலி வந்த பிறகுதான் அந்த நடை நின்றது. துப்பாக்கி மேலிருக்கும் தொலைநோக்கி, அந்த ஸ்கோப் வழியாகப் பார்த்தால் போதும் என்று வைத்துக்கொண்டான்.

"எங்க கிடந்துச்சு?" என்று ஆர்டிஸிடம் கேட்டேன்.

"பள்ளத்துக்கு அடியில, கரை ஓரமா. காலையில அவனை எழுப்பாம நான் மட்டும் வந்து கீழ் வழியா நடந்து போனேன். பத்தடி தள்ளித்தான் பாத்தேன். அதுவும் என்னைப் பாத்துச்சு. நான் வில்லை இழுக்கும்போது எந்திரிக்கப் பாத்துச்சு, ட்வைலா. முடியல." கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள். "என் அனுமதிச் சீட்டைத்தான் கட்டியிருக்கேன். என் மான்னே இருக்கட்டும். அவன்கிட்ட சொல்லாத."

"ஏன் சொல்லக் கூடாது? இத்தனை வருஷம் அவன் உன்னைச் சொல்லிக் காட்டினதுக்கு..."

"அவனுக்குக் கண்ணு போயிட்டிருக்குடி."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"காபியை கோப்பைக்கு வெளிய ஊத்தறான். பேப்பரைக் கோழி மாதிரி ஒருக்களிச்சுப் பாக்கறான். கேட்டா, கண்ணாடி அழுக்குன்னு சொல்றான். இதை நான் கொண்டுபோய் அவன் முன்னாடி வெச்சா, உனக்குக் கண்ணு தெரியலன்னு முகத்துல அடிச்ச மாதிரி இருக்கும். அவனா சொல்லட்டும். கிறிஸ்துமஸ் முடியட்டும், எப்படியாவது பில்லிங்ஸ்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். சீக்கிரம் வெட்டு, அவன் காலைச் சாப்பாட்டுக்கு உக்காந்திருப்பான், நான் போகணும்."

சரி என்றேன். காலையும் தோளையும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சுற்றி, தாளில் ஆர்டிஸ் என்று எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் வெர்லின் என் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு, "என் பொண்டாட்டி இந்த வருஷம் தொட்டில்லேர்ந்து ஒண்ணைத் தூக்கிட்டு வந்திருக்கா, பாத்தியா?" என்று சிரித்தான். ஆர்டிஸும் சிரித்தாள். நான் தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி ஒன்பதாம் தேதி, வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஆர்டிஸ் விழுந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பில்லிங்ஸ் டாக்டரிடம் அவனுக்காக அவள் நேரம் வாங்கியிருந்தது அதே மாதம் இருபத்திரண்டாம் தேதிக்கு. நேரம் குறித்த சீட்டு அவள் கோட்டுப் பையில் இருந்ததாம். அது அவளுக்கான சீட்டு என்றே வெர்லின் நினைத்துக்கொண்டான்.

அடுத்த வேட்டைக் காலம் வந்தது. வெர்லின் மண்பாதையில் நத்தை மாதிரி வண்டியை ஓட்டிக்கொண்டு தனியாக மேட்டுக்குப் போனான். முதல் வாரம், "தவறிப்போச்சு" என்றான். இரண்டாம் வாரமும் அதையே சொன்னான். செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மான்களின் கணக்கை என் பேரில்தான் எழுத வேண்டும்.

மூன்றாம் முறை ஒரு ஞாயிறு காலை வந்து அடுப்பருகே உட்கார்ந்தான்.

"நேத்தும் தவறிப்போச்சு. காத்து ரொம்ப."

"எவ்வளவு தூரம்?"

"ஐந்நூத்தி நாப்பது கஜம். பழைய இடந்தான்."

"போய்ப் பாத்தியா?"

"எதுக்கு? பட்டிருந்தா ஸ்கோப்புல தெரியாதா?"

"வெர்லின், போய்ப் பாத்தியான்னு கேட்டேன்."

"என்ன வந்துச்சு உனக்கு இன்னிக்கு? ஆர்டிஸ் மாதிரியே அதட்டற."

சொல்லிவிட்டேன். முறிந்த காலை, அந்தக் குண்டை, அவள் கட்டிய சீட்டை, கோட்டுப் பையில் இருந்த இன்னொரு சீட்டு யாருக்கானது என்பதை, எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. தொப்பியைக் கழற்றி முட்டியில் வைத்துக்கொண்டான்.

"அந்தச் சின்ன மானா?"

"ஆமா."

"தொட்டில்ல இருந்து தூக்கிட்டு வந்தேன்னு கிண்டல் பண்ணினேனே. அவ சிரிச்சா."

"சிரிச்சா."

அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினான். பிறகு சொன்னான்: "அவ போனதுக்கு அப்புறம் பிப்ரவரி பூரா அந்தக் கறியைத்தான் தின்னேன். ஃப்ரீசரைத் திறந்தா அவ பேரு எழுதின பொட்டலம். எனக்காக அவ வெச்சுட்டுப் போனதுன்னு நெனச்சு, கொஞ்சம் கொஞ்சமா, தீர்ந்துடக் கூடாதுன்னு தின்னேன்."

தொப்பியை எடுத்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டான்.

"உன்கிட்ட சொல்லியிருக்கா. என்கிட்ட சொல்லல."

"நீயா சொல்லுவன்னு காத்துக்கிட்டிருந்தா, வெர்லின்."

"நானும் அவளா கேட்கட்டும்னுதான் இருந்தேன்" என்றான். எழுந்து கோட்டை மாட்டினான். "வண்டியை நீ ஓட்டு."

மேட்டின் விளிம்பில் அவன் படுத்திருந்த இடத்தில் புல் இன்னும் நசுங்கிக் கிடந்தது. அங்கிருந்து அந்தக் கரைக்கு நாங்கள் நடந்தோம். ஒரு கையை என் தோளில் போட்டுக்கொண்டு, சரிவில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினான். குண்டுக்கு முக்கால் நொடி ஆகும் தூரம், எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவழியில் நின்று மூச்சு வாங்கியபடி, "ஸ்கோப்புல மான் தெரியுது, ட்வைலா. நான் பாக்க வேண்டிய இடத்துல மட்டும் ஒரு கறை. அதைச் சுத்தித்தான் எல்லாம் தெரியுது. கறைக்கு நடுவுல சுட்டேன்" என்றான். அதை அவன் வாயால் சொல்லிக் கேட்ட முதல் ஆள் நான். அது ஆர்டிஸுக்குச் சேர வேண்டியது.

சாம்பல் நிறப் புதர் ஒன்றில், என் முட்டி உயரத்தில், காய்ந்த இரத்தம் இருந்தது.

"இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு."

அதைப் பிடித்துக்கொண்டு போனோம். முந்நூறு கஜம் தள்ளி, கரை ஓரப் பள்ளத்தில், பெண்மான் ஒன்று கிடந்தது. பறவைகள் கண்ணைக் கொத்தியிருந்தன. வெர்லின் மண்டியிட்டு உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி, அதன் கழுத்திலிருந்து வயிறு வரை தடவிக்கொண்டே போனான். காயம் விரலில் தட்டுப்பட்ட பிறகும் கையை எடுக்கவில்லை.

"எவ்வளவு நேரம் உயிரோட இருந்திருக்கும்?"

அது என் தொழில், எனக்குத் தெரியும். உடனே போயிருக்கும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஒரு வருஷம் மறைத்தது போதும் என்று தோன்றியது.

"விடியற வரைக்கும் இருந்திருக்கும்."

தலையை ஆட்டினான். பையிலிருந்து தன் அனுமதிச் சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினான். தேதியை வெட்ட அவனுக்குக் கண் தெரியவில்லை. நான் வெட்டிக் கொடுத்தேன். அதை மானின் காலில் கட்டும்போது மட்டும் என்னைத் தொடவிடவில்லை. முடிச்சு விழ வெகுநேரம் ஆனது.

கறி ஒன்றுக்கும் ஆகவில்லை.

டிசம்பரில் பில்லிங்ஸுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வலது கண்ணுக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் கொஞ்சம் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். வசந்தத்தில் அவன் மகள் ஸ்போக்கேனிலிருந்து வந்து வீட்டை விற்று, அவனைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். துப்பாக்கியை யாரோ வாங்கிக்கொண்டார்கள். ஆர்டிஸின் வில்லை அவன் யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த வீட்டில் மாட்ட இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறான் என்று மகள் சொன்னாள்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு போன் செய்வான். இங்கே குளிர் எப்படி, ஆறு உறைந்துவிட்டதா, யார் யார் என்ன சுட்டார்கள் என்று கேட்பான். போன மாதம் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் நிறுத்தி, "அன்னிக்குக் காலையில, உன்கிட்ட வந்தப்போ, அவ அழுதாளா?" என்று கேட்டான்.

"இல்ல. அழல."

"கோவமா இருந்தாளா?"

"இல்ல, வெர்லின். அவசரமா இருந்தா. நீ காலைச் சாப்பாட்டுக்கு உக்காந்திருப்ப, நான் போகணும்னு சொல்லிட்டே இருந்தா."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு மகள் போனை வாங்கி, அப்பா படுத்துக்கொண்டார், அடுத்த வாரம் பேசுவார் என்றாள்.