லேசான ஸ்பிரிங்

பிரின்ஸ், நீ என்னிடம் பொய் சொன்னாய்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு அது தெரியும். பிரின்ஸ் யார் என்று கேட்பவர்களுக்கு — நாகர்கோவிலில் கார்களுக்கு ஸ்பெஷல் பாகங்கள் மாட்டிவிடும் ஒர்க்‌ஷாப்காரன். யூடியூப் சேனலும் வைத்திருக்கிறான். பெயரை மாற்றியிருக்கிறேன். யாரென்று அவனுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் ஒரு டர்போ பெட்ரோல் கார் உண்டு. என் மனைவி ஷீலாவின் கார். அவள் மணவாளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் அதில்தான் போய் வருவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்டியரிங் என் கைக்கு வரும்.

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் விசிறி. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினின் வாசல் மூடிக்கொள்ளும். அழுத்திய காற்று எங்கே போகும்? கம்பெனி வைத்த பைபாஸ் வால்வு அதைச் சத்தமில்லாமல் டர்போவுக்கு முந்தைய குழாய்க்கே திருப்பிவிடும். பிரின்ஸ் மாட்டுவது புளோ-ஆஃப் வால்வு. அது காற்றை வெளியே துப்பும். 'ப்ஷ்ஷ்ஷ்!'

அந்த 'ப்ஷ்ஷ்ஷ்'க்காகத்தான் போனேன். ஐம்பத்திரண்டு வயதில். சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள்... காத்திருக்கிறேன்.

பிரின்ஸ் இரண்டு ஸ்பிரிங்கை எடுத்து மேசையில் வைத்தான். ஒன்று கெட்டியானது, ஒன்று லேசானது.

"கெட்டி ஸ்பிரிங்குன்னா நல்லா விரட்டினாத்தான் சத்தம் வரும் அண்ணே. நம்ம ரோட்டுல எங்க விரட்ட? லேசான ஸ்பிரிங்குன்னா நாப்பதுலயே ஊதும்."

"தூசி உள்ள போவாதுல்லா?"

"ஒத்த வழிதான் அண்ணே. காத்து வெளிய போவும், உள்ள வராது. நான் கேரண்டி!"

லேசான ஸ்பிரிங் உள்ளே போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூதப்பாண்டிப் பக்கம் வண்டியை விட்டேன். ஒவ்வொரு வளைவிலும் 'ப்ஷ்ஷ்ஷ்'. வயலில் நின்ற கொக்குகள்கூடத் திரும்பிப் பார்த்தன. பக்கத்து சீட்டிலிருந்த ஷீலா ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தாள்.

"டயருல காத்து போவுதா?"

"இல்ல, இது டெக்னாலஜி."

"டெக்னாலஜி எதுக்கு இப்படி சீறுது?"

நான்கு மாதம் சீறியது. பிறகு வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. ஊற்ற ஊற்றக் குறைந்தது. பின்னால் நீலப் புகை. கூடப் படித்த சுயம்புவிடம் கொண்டுபோனேன். வடசேரியில் எஞ்சின் வேலை செய்கிறான். பானெட்டைத் திறந்தவன், புது வால்வைப் பார்த்ததும் என்னைப் பார்த்தான்.

"லே மக்கா, இது என்னதுலே?"

"சும்மா... சத்தத்துக்கு."

"ஸ்டார்ட் பண்ணு. ஆக்சிலேட்டர்ல கால வைக்காத."

சீட்டில் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையின் மெல்லிய உள்தாளைக் கிழித்து, வால்வின் வாயருகே பிடித்தான். தாள் 'டப்'பென்று ஒட்டிக்கொண்டது. கையை எடுத்தான். விழவில்லை.

"பாத்தியா? ஸ்பிரிங்கு லேசா கெடக்கு. வண்டி சும்மா நிக்கும்போ எஞ்சின் இழுக்குத இழுப்புக்கு வால்வு தொறந்திருது. ஃபில்டர் ஒரு பக்கம் கெடக்கு, காத்து இது வழியா உள்ள போவுது. வண்டி எங்கலே நிக்கும்?"

எங்கே நிற்கும்? கூட வேலை பார்க்கும் டீச்சரை ஏற்றிக்கொள்ள, தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் ஷீலா பள்ளி வாசலில் காத்திருப்பாள். ஏசி ஓடும், எஞ்சினும் ஓடும். கடற்காற்று அடிக்கும். மணவாளக்குறிச்சி மணல் எப்படிப்பட்டது என்று நம் மாவட்டத்தில் யாருக்குத் தெரியாது? கருமணல், கார்னெட்... உப்புத்தாளில் ஒட்டும் மணல் ஐயா அது!

எஞ்சினைப் பிரித்தான். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாய்க் கீறல்.

"உப்புத்தாள வச்சு நாலு மாசம் தேச்சிருக்கே மக்கா" என்றான் சுயம்பு. எஞ்சின் இப்போதும் அவன் மேசையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஷீலா பஸ்ஸில் போகிறாள்.

பிரின்ஸுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, மணலு மணவாளக்குறிச்சி மணலு. அதுக்கு எனக்க வால்வ குறை சொன்னா எப்படி?"

எப்படி இருக்கிறது பதில்? அவனுடைய வீடியோவின் கீழே நடந்ததை எழுதினேன். ஒரு மணி நேரத்தில் காணோம். மறுபடி எழுதினேன். என்னை பிளாக் செய்துவிட்டான்.

போகட்டும், நம் முட்டாள்தனம் நம்மோடு என்று விட்டிருப்பேன். ஆனால் முந்தாநாள் புது வீடியோ வந்திருக்கிறது. குளச்சல்காரர் ஒருவரின் புத்தம் புது வண்டி. அதே வால்வு, அதே லேசான ஸ்பிரிங். பக்கத்தில் அந்த மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறார். கடற்கரையில்தான் வீடாம். அவரை எனக்குத் தெரியாது. போன் நம்பரும் இல்லை. எனக்கு இருப்பது இந்தப் பத்தி மட்டும்தான்.

இதுவரை எழுதியதை ஷீலாவிடம் காட்டினேன். சிவப்பு மையோடு உட்கார்ந்து படித்தாள். தொழில் தோஷம்.

"அவன் பொய் சொன்னான்னு எழுதியாச்சு. சரி. ரெண்டு ஸ்பிரிங்குல லேசானத எடுத்தது யாரு? அத எழுதலியே?"

"அது... வாசகர்களுக்குப் புரியும்."

"புரியாது. எழுதுங்க. எனக்க காருல எங்கிட்ட கேக்காம கை வச்சது யாருன்னும் எழுதுங்க."

எழுதிவிட்டேன். லேசான ஸ்பிரிங்கைக் காட்டி "இதையே போடு" என்றவன் நான்தான். ஷீலாவிடம் கேட்காமல் அவள் காரை எடுத்துக்கொண்டு போனவனும் நான்தான். ஊர் முழுக்கப் படிக்கும் பத்திரிகையில் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

இனி உன் முறை, பிரின்ஸ். எனக்குப் போன் பண்ணாதே. உன் சேனலில் வா. எஞ்சினை ஓடவிடு, ஆக்சிலேட்டரில் கால் வைக்காதே. ஒரு மெல்லிய தாளை அந்த வால்வின் வாயில் வைத்துக் கையை எடு. எடிட் பண்ணாமல் போடு.

தாள் விழுகிறதா, ஒட்டுகிறதா? குளச்சல்காரருக்குப் பதில் சொல்.