டூட்டிங்கில் அப்பாவின் கீழ்க்குரல்

2009 ஒக்டோபர், சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு டோர்ட்முண்டில் பஸ் ஏறினோம். ஆளுக்கு அறுபத்தெட்டு யூரோ. கலே துறைமுகத்தில் கடவுச்சீட்டுப் பார்க்கவென்று இறக்கி, முக்கால் மணி நேரம் குளிரில் நிற்க வைத்தார்கள். எழுபத்தாறு வயது அப்பா நேராக நின்றார். எனக்குத்தான் இடுப்பு விட்டுப்போயிற்று.

காலை எட்டு மணி, விக்டோரியா பஸ் நிலையம். ரயிலுக்கு ஆளுக்கு நாலு பவுண். ஸ்டொக்வெல்லில் மாறி கோலியர்ஸ் வுட்டில் என் தம்பி ரூபன் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவன் வாங்கோ என்றான். அப்பா அவனைத் தாண்டிப் போய் என்னிடம் தேத்தண்ணி கேட்டார்.

மூன்று வருடமாய் இப்படித்தான். கலியாண வீடுகளில் பேஸ் கிட்டார் வாசித்தவன், நிறுத்தி வைத்து வாசிக்கிற ஆளுயரப் பெரிய பேஸ் ஒன்றை வாங்கி, பப்பில் அமெரிக்கக் கிராமத்துப் பழம் பாட்டு வாசிக்கப் போனான். குடிக்கிற இடத்தில் வாசிக்கிற பிள்ளையோடு பேச்சில்லை என்றார் அப்பா. வருகிற மாதம் அவருக்கு நெஞ்சில் ஒப்பரேஷன். அதை ரூபனுக்குச் சொல்லக்கூடாதென்று கட்டளை வேறு. அதற்கு முதல் ஒரு வார்த்தை பேசிவிடட்டும் என்றுதான் கூட்டிவந்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து எனக்கு அலுத்துவிட்டது.

மத்தியானம் இரண்டு மணி. டூட்டிங்கில் உள்ள பப்புக்கு நடந்து இருபது நிமிஷம். அப்பாவை உள்ளே கொண்டுபோகப் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும். ஜூஸைத் தொடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் வயலின், பாஞ்சோ, கிட்டார், பின்னால் ரூபன். நாலாவதாக ஆறுதலான ஒரு பாட்டு எடுத்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊரில் அமெரிக்கப் பாதிரிமார் கட்டிய எங்கள் கோயிலில் தமிழில் பாடிய ஞானப்பாட்டின் மெட்டு அது. அப்பா அங்கே பாடகர் குழுவில் நாற்பது வருடம் பேஸ் என்கிற கீழ்க்குரல் பாடியவர். குளிக்கும்போதும் அதைத்தான் பாடுவார். ரூபன் அந்தக் கீழ்க்குரலை அப்படியே வாசித்தான். அப்பாவின் பாட்டு எங்கிருந்து வந்ததோ அங்கேதான் போகிறேன் என்று அவன் எப்போதோ சொன்னது அப்போதுதான் விளங்கியது.

இடைவேளையில் எங்கள் மேசைக்கு வந்தான். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"மூண்டாம் அடியில ஒரு இடம் பிழை. நான் பிழையாப் படிச்சனான். கோயில்ல எத்தினை தரம் சொல்லித் தந்தும் எனக்கு அது வரேல்லை."

"தெரியும் அப்பா. கூட வாசிக்கிற இவையளும் பிழையெண்டு சொன்னவை. நான் மாத்தேல்லை."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திங்கள் காலை விக்டோரியாவில் பஸ் வந்து நின்றது. ஒப்பரேஷன் திகதியை அப்பாவே ரூபனிடம் சொன்னார். ஆஸ்பத்திரியின் பெயரையும் சொன்னார். ரூபன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டேன். இனி அவர்களே பேசிக்கொள்ளட்டும்.